கொல்லிமலைப் பாணர் குழுவும் பதலையின் இடமும்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டு தமிழ் பயில்வார் பலரும் நன்கறிந்த ஒன்றாகும். ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலியைக் கொன்று மானையும் பன்றியையும் ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியது எனத் தொடங்கும் அப்பாட்டு, அவ்வேட்டுவன் பாணர் சுற்றத்துக்கு ஊனும் கள்ளும் பொன்னும் மணியும் வழங்கிய செய்தியோடு முடிகிறது. 1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றிய நாள் முதலாக இப்பாட்டை எடுத்தாண்டோர் பெரும்பாலும் இவ்விரு முனைகளையே கண்டனர். வில்லாண்மைக்கு ஒரு சான்று. கொடைக்கு ஒரு சான்று. இரண்டிற்கும் இடையே கிடக்கும் பகுதியோ, இசைக்கருவிகளின் பெயர்ப்பட்டியல் என்ற அளவில் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. அவ்விடைப் பகுதியே பாட்டின் உயிர்நிலை என்பதும், அதனுள்ளும் பதலை என்னும் ஒரு கருவி பெற்ற இடம் தனித்து ஆராயத்தக்கது என்பதும் ஈண்டு யாம் நிறுவ முயலும் கருத்துகளாம்.

முதற்கண் பாட்டின் நிகழ்ச்சியை நோக்குவோம். காட்டு வழியிற் செல்லும் குழுவினர் முன்பின் அறியாத வேட்டுவன் ஒருவனைக் காண்கின்றனர். மார்பில் ஆரம் தாழ்ந்திருத்தலின் அவன் ஊன் விற்போன் அல்லன் என உய்த்துணர்கின்றனர். ஓரியோ, அல்லனோ என்னும் ஐயம் எழுகிறது. ஐயம் தீரும் முன்னரே குழுத்தலைவன் ஒரு வண்ணம் பாடப் போவதாக விறலியிடம் கூறி, மற்றவரை ஆயத்தம் செய்யப் பணிக்கிறான். ஏழு ஏவல்கள் அடுக்கி வருகின்றன. முழவுக்கு மண் பூசி அமைக்க வேண்டும். யாழில் பண்ணை நிறுத்த வேண்டும். யானையின் கைபோன்ற தூம்பையும் எல்லரியையும் ஆகுளியையும் தொடங்க வேண்டும். பதலையின் ஒரு கண்ணை மெல்ல இயக்க வேண்டும். இறுதியில் கரிய கோலைக் கையிற் கொள்ள வேண்டும்.

இவ்வேவல்களின் வினைச்சொற்களை ஒப்பு நோக்குதல் பயனுடைத்து. முழவுக்கும் யாழுக்கும் கூறப்பட்டவை ஆயத்த வினைகள். தூம்பு, எல்லரி, ஆகுளி ஆகிய மூன்றுக்கும் ‘தொடுதல்’ என்னும் ஒரே வினை பொதுவாக நின்றது. பதலைக்கு மட்டுமே ‘இயக்குதல்’ என்னும் வினை வந்துள்ளது. எங்ஙனம் ஒலிக்க வேண்டும் என்னும் அடைமொழி பெற்ற கருவியும் அதுவொன்றே. எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்னும் வரையறை பெற்றதும் அதுவே. ஏனைக் கருவியாளர்க்குத் தொடங்குக என்று மட்டும் சொன்ன தலைவன், பதலை கொட்டுவோனுக்கு மட்டும் முறையும் அளவும் கற்பிக்கின்றான்.

மோனை கருதி வந்த சொல்லாகலின் ‘பையென’ என்பதற்குத் தனிப்பொருள் தேட வேண்டா என ஒரு தடை எழலாம். பதலை, பையென என்பன மோனை கொள்வன என்பது உண்மையே. ஆயின் பகர வருக்கத்தில் தொடங்கும் அடைமொழிகள் தமிழில் மிகப் பல. வன்மையாக இயக்குக, பலகால் இயக்குக என்ற பொருள் வேண்டின், அதற்கும் மோனைச் சொல் கிடைத்திருக்கும். தொடை இடத்தைத் தரும். சொல்லைத் தேர்வது பொருளே. ஆகவே இத்தடை நில்லாது.

பதலையின் இயல்பு யாது? உரைகாரர் இதனை மாக்கிணை என்பர். வாயகன்ற தாழிக்கும் பதலை என்பது பெயராதலின், தாழிபோல அகன்ற வடிவுடைய கருவி இது எனக் கொள்ளுதல் பொருந்தும். அகன்ற தோலும் பெரிய உட்கூடும் உடைய கருவி தாழ்ந்த ஓசையைத் தரும் என்பது ஒலியியல். சிறுபறையாகிய ஆகுளியின் உயர்ந்த குரலை அடுத்து இத்தாழ்ந்த குரல் வைக்கப்பட்டிருத்தல் கருதற்குரியது.

இதன் தொழிலை அறிதற்கு மலைபடுகடாம் துணை செய்கிறது. பெருங்கௌசிகனார் அந்நூலின் தொடக்கத்தில் கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளை முறையே கூறி, பலாமரத்துக் காய்க்கொத்துப் போலக் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர் என்கின்றார். அங்கே முழவுக்கு இடியோசை உவமையாகிறது. பாண்டிலுக்கு உருக்கிய உலோகத்தின் ஒளி சொல்லப்படுகிறது. பதலைக்கு வந்த அடையோ நொடியின் அளவைத் தரும் தாளம் பற்றியது. ஓசையின் இனிமையோ வடிவின் அழகோ கூறப்படவில்லை. காலத்தை அளந்து காட்டும் தொழில் ஒன்றே கூறப்பட்டது. எனவே வன்பரணர் கூறிய ‘இயக்குதல்’ வெறும் ஒலித்தல் அன்று. குழு முழுவதையும் காலத்தில் செலுத்துதல் என்னும் பொருள் அதனுள் அடங்கும்.

இன்னும் இரண்டு சான்றுகள் இதனை வலியுறுத்தும். புறம் 64-இல் நெடும்பல்லியத்தனார், முதுகுடுமிப் பெருவழுதியிடம் செல்வோம் என விறலியை அழைக்குங்கால், கட்டிக்கொள்ள வேண்டிய கருவிகளாக யாழ், ஆகுளி, பதலை என்னும் மூன்றையே குறிக்கின்றார். பல்லியம் உடையார் என்னும் பொருள்படப் பெயர் கொண்ட புலவரே வழிச்செலவுக்கு மூன்றாகச் சுருக்கும்போது, முழவும் தூம்பும் விடுபடப் பதலை நின்றது. புறம் 103-இல் ஔவையார் காட்டும் விறலி, காவின் ஒரு தலையில் பதலையும் மறு தலையில் சிறுமுழவும் தூங்கச் சுரத்தில் இருக்கின்றாள். வறுமையில் எதனை விடுத்தாலும் விடுக்கலாகாதது எது என்பதைச் சுமந்து சென்றோர் அறிந்திருந்தனர் என்க.

அரங்கேற்று காதையோடு ஒப்பிடின் கொல்லிக் குழுவின் இயல்பு மேலும் விளங்கும். புகார் அரங்கில் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும், தண்ணுமையின் பின் முழவும் நின்றன என இளங்கோவடிகள் வரிசை கூறுவர். ஒவ்வொரு கருவியும் முன்னதைக் கேட்டுப் பின்செல்லுதலே ஆங்கு அறமாகிறது. குழுவின் குறையை நிரப்புதலும் மிகுதியை அடக்குதலும் தண்ணுமை ஆசிரியனுக்கு உரிய திறங்களாகச் சொல்லப்படுகின்றன. அரசவை அரங்கில் தண்ணுமை செய்த அத்தொழிலையே காட்டு வழியில் பதலை செய்தது. அங்கே திறம் இலக்கணமாக விரிந்தது. இங்கே ஓர் ஏவலாகச் சுருங்கியது. விறலியின் மிடற்றோசையை மூடாமலும், ஏனைக் கருவிகளைச் சிதறவிடாமலும், தன்னை முன்னிறுத்தாமலும் ஒலிக்க வேண்டும் என்பதே அவ்வேவலின் கருத்தாகும்.

இனிப் பாடப்பட்ட பாடலுக்கு வருவோம். குழுவினர் மூவேழ் துறைகளையும் முறைப்படி பாடி முடித்தனர் என்கிறது பாட்டு. ஏழு நரம்புகளையும் வலிவு, சமன், மெலிவு என்னும் மூன்று தானங்களிலும் பாடும் இருபத்தொரு துறைகள் எனக் கொள்வது பொருந்தும். தாழ்ந்த தானத்துக்கு மெலிவு என்று பெயரிட்டதும் ஈண்டு நினையத்தக்கது. ‘முறை’ என்ற குறிப்பால், அவர்கள் பாடியது அன்று புதிதாகப் புனைந்ததன்று, வழிவழி வந்த ஒழுங்குடைய தொகுதி என்பது பெறப்படும். நாடுதோறும் சென்று வருகிறோம் என்று அவர்களே கூறுகின்றனர். சென்ற நாட்டிலும் இதுவே பாடப்பட்டது. செல்லும் நாட்டிலும் இதுவே பாடப்படும். பாடலில் வந்த ‘கோ’ என்னும் சொல்லும் எவ்வரசனுக்கும் பொருந்தும் பொதுச்சொல்லே.

அப்பொதுச்சொல் கேட்டு வேட்டுவன் நாணுகின்றான். அது அவன் பெயராக இருந்தமையே காரணம். பாட்டின் சுவை முழுவதும் இவ்விடத்திலேயே உள்ளது. பல ஊர்களில் பலமுறை பாடப்பட்டுப் பழகிய பாடல், தனக்குரிய மெய்யான தலைவனைக் காட்டிடையே எதிர்பாராமற் சந்திக்கிறது. பழம்பாடல் பாடியோர் அன்று ஒரு சொல்லையும் புதிதாகப் படைத்திலர். ஆயினும் பாடல் அன்றுதான் உண்மையாயிற்று. புதியன புனைவோனே கலைஞன், வந்ததைப் பாடுவோன் வெறும் கூலியாளன் என்னும் கருத்து இப்பாட்டின் முன் நில்லாது.

இக்கருத்து இன்றும் வழக்கில் உள்ளதாகலின் இதனை வற்புறுத்திக் கூறுகின்றோம். தமிழ்நாட்டுத் திருவிழா மேடைகளிலும் திருமண மன்றங்களிலும் மெல்லிசைக் குழுக்கள் திரைப்பாடல்களை உள்ளவாறே இசைத்து வருகின்றன. ஒரே இசையமைப்பாளரின் பாடல்களை மட்டும் அவருக்குச் சிறப்பாக இசைக்கும் நிகழ்ச்சிகளும் உள. அக்குழுக்களில் பதலையின் இடத்தை இன்று பெற்றிருப்பது பாஸ் கிட்டார் எனலாம். 1951-இல் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த மின்கருவியால் பரவிய அதன் நான்கு நரம்புகளும், கிட்டாரின் தடித்த நான்கு நரம்புகளினும் ஒரு தானம் தாழ்ந்து ஒலிப்பன. இளையராஜாவின் திரைப்பாடல்களில் அக்கருவி தானே ஒரு பாடலாக நடக்கும். அவர் குழுவில் அதனை இசைத்த சசிதரனை இசையறிவோர் அறிவர். பாடலைக் கேட்ட கோடிக்கணக்கானோர் அறியார். அவ்விசையைச் சிற்றூர் மேடையில் மீட்டும் கலைஞனையோ எவரும் அறியார். அவன் வாசித்தல் கேட்போர் செவியில் தனித்துப் படுவதில்லை. நிறுத்திவிட்டாலோ பாட்டின் அடித்தளம் சரிந்ததை அனைவரும் உணர்வர்.

இவ்வொப்புமையை அளவு கடந்து கொள்ளலாகாது. பதலை தாளக்கருவி, பாஸ் கிட்டார் நரம்புக்கருவி. ஒன்று காலத்தை மட்டும் தாங்கும். மற்றொன்று காலத்தோடு சுரத்தையும் தாங்கும். பாணர் தம் புரவலனை வழியிற் கண்டனர்; இன்றைய குழு முன்பணம் பெற்று ஊர் செல்கிறது. கருவியால் வேறாயினும், தாழ்ந்து நின்று தாங்குதல் என்னும் தொழிலால் இரண்டும் ஒன்றாம் என்பதே எம் கருத்து.

இத்தொழிலுக்கு நேரும் கேட்டையும் வன்பரணர் அறிந்திருந்தார். புறம் 153-இல், ஓரியிடம் பொன்னணியும் யானையும் பெற்ற சுற்றத்தார் பசி நீங்கியதால் ஆடலும் பாடலும் மறந்தனர் என்கின்றார். புறம் 149-இல், நள்ளியின் கொடையால் பாணர் காலையிற் பாட வேண்டிய மருதத்தை மாலையிலும், மாலைக்குரிய செவ்வழியைக் காலையிலும் பாடினர் என்கின்றார். இவை கொடையைப் புகழும் பாடல்களாகவே கொள்ளப்பட்டன, அது பிழையன்று. ஆயின் புகழ்ச்சியின் உள்ளே இசைமுறை சிதைந்ததைக் குறித்த ஒரு செவியும் இருக்கிறது. பதலையை மெல்ல இயக்குக என்றவரும், பண் மாறியதைக் கேட்டவரும், பாடல் மறந்ததைக் கண்டவரும் ஒருவரே. இம்மூன்று பாடல்களையும் ஒருங்கு வைத்துக் காணின், வன்பரணர் புரவலரைப் பாடிய புலவர் மட்டுமல்லர், இசைக்குழுவின் நிறைகுறை அறிந்த திறனாய்வாளரும் ஆவர் என்பது தெளிவாகும்.

ஓரியின் வாழ்வு நிலைக்கவில்லை. காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகம் 209-இல் கல்லாடனார் கூறுகின்றார். அவன் கோடியர்க்குக் குறும்பொறை நாட்டையே ஈந்தவன் எனச் சிறுபாணாற்றுப்படை போற்றுகிறது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றால், செம்மேட்டில் அவன் சிலை நிற்பதைக் காணலாம். ஆடித் திங்களில் அரசு விழாவும் நடைபெறுகிறது. பாடப்பட்டோன் பெயரும் பாடினோர் பெயரும் இங்ஙனம் நின்றன. பதலை இயக்கியவன் பெயர் எக்கொளுவிலும் இல்லை.

இவ்விடைவெளியை நிரப்பப் பெயரைப் புனைதல் ஆராய்ச்சியாகாது. தொழிலை அறிதலே ஆராய்ச்சியாம். புறநானூற்றைப் பயிற்றுவிப்போர் 152-ஆம் பாட்டின் கருவிப் பகுதியைப் பட்டியலாகக் கடந்து செல்லாமல், ஒவ்வொரு வினைச்சொல்லையும் நிறுத்திப் பொருள் காட்டுதல் வேண்டும். சங்கப் பாடல்களில் வரும் இயங்கள் அனைத்தையும், அவை பெற்ற பெயரடைகளால் மட்டுமன்றி அவை பெற்ற வினைகளாலும் தொகுத்து ஆராயின், குழுவாக இசைத்தோரின் கலைநெறி புலப்படும். அந்நெறியில் உரத்து ஒலித்தலினும் அளவறிந்து தாழ்ந்து ஒலித்தல் அரியது. அதனை அறிந்தே வன்பரணர் ஏழு ஏவல்களுள் ஒன்றற்கு மட்டும் அளவு கூறினார்.