'மதமாற்றம்': எழுவாயை மறைக்கும் ஒரு சொல்

'மாறு' என்பது தன்வினை; 'மாற்று' என்பது பிறவினை. 'அவர் மதம் மாறினார்' என்னும் தொடரில் மாறியவரே எழுவாய். 'அவரை மதம் மாற்றினர்' என்னும்போது அவர் செயப்படுபொருளாகிவிடுகிறார். ஆனால், 'மதமாற்றம்' என்னும் பெயர் இவ்விரண்டிற்கும் பொதுவாக நிற்கிறது. 'விலையேற்றம்' என்பதில் விலை ஏறுகிறது, 'கொடியேற்றம்' என்பதில் கொடியைப் பிறர் ஏற்றுகின்றனர், வடிவம் ஒன்றே. இப்பொதுமை, கிறித்தவத்திற்கு மாறியோரைப் பற்றிய எழுத்துகளில் பொருள் மயக்கத்திற்கு இடமளிக்கிறது.

அன்றைய ஐதராபாத் சமஸ்தானத்துத் தோர்ணக்கல் இதற்குத் தக்க சான்றாகும். நெல்லைச் சீமைத் தமிழரான வே. சா. அசரியா 1912இல் அங்குப் பேராயரானார். அவர் காலத்தில் மாலா, மாதிகா சமூகத்தவர் பல்லாயிரவர் கிறித்தவராயினர். 1930களில் காந்தியடிகள் இத்தகைய கூட்டச் சேர்க்கையைக் கண்டித்தார். அசரியா அதனை ஆதரித்து வாதிட்டார். அம்மக்கள் மாறினரா, மாற்றப்பட்டனரா என்பதே இவ்விவாதத்தின் உயிர்நிலை. 'மதமாற்றம்' என்று மட்டும் எழுதினால் அவ்வினாவே மறைந்துவிடுகிறது. தெலுங்கின் 'மத மார்ப்பிடி'யும் அம்மொழியின் மாரு, மார்ச்சு என்னும் வினை வேறுபாட்டைக் காட்டுவதில்லை. எனவே தெலுங்கிலிருந்து பெயர்ப்போர் சூழல் நோக்கியே சொல்லைத் தெரிதல் வேண்டும்.

சட்டத்துறையில் இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாததாகிறது. அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு சமயத்தைப் பரப்பும் உரிமையை வழங்குகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை இதில் அடங்காது என 1977இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனைத் தமிழ் இலக்கணத்தின்வழி எளிதில் விளக்கலாம்: 'பரப்பு' என்பதற்குச் சமயம் செயப்படுபொருள், 'மாற்று' என்பதற்கு மனிதர் செயப்படுபொருள். தமிழ்நாட்டில் 2002இல் இயற்றப்பட்டுப் பின்னர் நீக்கப்பெற்ற கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும், ஒருவரை ஒரு மதத்தை விடச்செய்து வேறொன்றை ஏற்கச்செய்வதையே வரையறுத்தது. இது பிறவினைப் பொருளாகும். தலைப்பிலுள்ள பெயரோ இதனைப் புலப்படுத்தவில்லை.

திருச்சபை வழக்கிலுள்ள 'மனந்திரும்புதல்' அகநிலைத் திருப்பத்தைச் சுட்டும். அது சமூக அடையாள மாற்றத்திற்கு நிகரன்று. 'தழுவுதல்' மாறுவோரின் விருப்பத்தை முன்னிறுத்தும். ஆகவே, மூலத்தில் செய்வோர் தெளிவாயிருப்பின் 'மதம் மாறுதல்', 'மதம் மாற்றுதல்' என்று பிரித்தெழுதுவதே முறை. மூலமே பொதுமையில் நிற்குமிடத்து 'மதமாற்றம்' பொருந்தும். பிற இடங்களில் அச்சொல், தாமே முடிவெடுத்தவரைப் பிறர் செயலுக்கு உட்பட்டவராகவும், வற்புறுத்தப்பட்டவரைத் தாமே விரும்பியவராகவும் காட்டிவிடக்கூடும்.