கொட்டகைச் சொல், கோடம்பாக்கச் சொல்

காரைக்காலில் இரவல் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 1954 நவம்பரில் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் முடிந்தது. ஆனாலும் நிரவியிலும் நெடுங்காட்டிலும் கோட்டுச்சேரியிலும் இன்றைக்கும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’தான். வீட்டு வரி கட்டப் போகிறவருக்கு அது பிரெஞ்சுச் சொல் என்ற நினைப்பே வராது. அலுவலகம் இருக்கும்வரை சொல்லும் இருக்கும். அது எந்த மொழி என்பது அப்புறம்தான். சினிமாத் தொழிலின் கலைச்சொற்களை எடைபோட இந்த ஊர் தோதானது. இது படம் எடுக்கிற ஊரல்ல, பார்க்கிற ஊர். எடுப்பவர்களின் பேச்சு இங்கே வந்து சேர்வதற்குள் பாதி உதிர்ந்துவிடும். உதிர்ந்த பாதியில்தான் பணமும் உரிமையும் இருந்தன என்பது என் கட்சி.

முதலில் அந்தப் பேச்சின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். ‘அந்த டூ-கேயைக் கொஞ்சம் ஃப்ளட் பண்ணு, கட்டர் போடு’ என்று ஒளிப்பதிவாளர் சொல்கிறார். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் லைட்மேன் அந்த டூ-கே விளக்கின் குமிழைத் திருகுகிறார். உள்ளே பல்பு, முன்னாலிருக்கும் வில்லையை நோக்கி நகர்கிறது, வெளிச்சம் விரிகிறது. ‘ஸ்பாட் பண்ணு’ என்றால் பல்பு பின்னால் போகும், வெளிச்சம் குவியும். இன்னொருவர் விளக்குக்கு முன்னால் கறுப்புத் தடுப்பை வைத்ததும் சுவரில் விழுந்த வெளிச்சம் பாதியில் நிற்கிறது. இரண்டு சொற்களில் இரண்டு பேருக்கு வேலை சொல்லியாகிவிட்டது. அந்த லைட்மேன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்திருக்க வேண்டியதில்லை. காதால் கேட்டு, கையால் பழகிய சொல் அது. ‘பண்ணு’ என்ற ஒரு வினையைச் சேர்த்து எந்த ஊர்ச் சொல்லையும் தமிழ் ஏவலாக்கிவிடும் இந்த முறையைக் கலப்படம் என்று சொல்லலாம். வேலை நடக்கும் இடத்தில் இதைவிடத் துல்லியமான மொழி கிடையாது.

இது சினிமாவோடு பிறந்த வழக்கமும் அல்ல. தஞ்சை வட்டாரத்தில் முகாமிட்ட நாடகக் கம்பெனிகள் ‘ராஜபார்ட்’, ‘ஸ்திரீபார்ட்’, ‘பபூன்’ என்று ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தன. அங்கே ‘சீன்’ என்பது சாயம் தீட்டிய படுதா. அந்தக் கம்பெனிகளிலிருந்து நடிகர்களும் வாத்தியார்களும் ஸ்டூடியோவுக்கு வந்தபோது இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். இன்னொரு பக்கத்திலிருந்து எல்லிஸ் ஆர். டங்கன் வந்தார். 1936இல் ‘சதிலீலாவதி’ தொடங்கி 1950இல் ‘மந்திரி குமாரி’ வரை தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கிய அமெரிக்கர். வசனத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது, ‘கட்’டுக்கு வேண்டியிருந்திருக்காது.

ஆனால் காதால் கற்ற சொல், போகிற போக்கில் பொருளை மாற்றிக்கொள்ளும். கோடம்பாக்கத்தில் ‘சஜஷன் ஷாட்’ என்றால் ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எதிராளியைக் காட்டுவது. ‘ரீரெக்கார்டிங்’ என்றால் பின்னணி இசை சேர்ப்பது. வெளியுலகில் அது வசனம், ஓசை, இசை எல்லாவற்றையும் ஒரே தடத்தில் கலப்பதற்குப் பெயர். ‘கால்ஷீட்’ ஹாலிவுட்டில் ஒரு காகிதம்: மறுநாள் யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற பட்டியல். இங்கே அது நடிகர் ‘கொடுக்கிற’ நாளாகவும், தொழிலாளி கூலி வாங்கும் வேளையாகவும் ஆகிவிட்டது. இதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். சொல்லை வாங்கி நம் தேவைக்கு அறுத்துத் தைத்துக்கொண்டிருக்கிறோம். சங்கடம் எங்கே வருகிறதென்றால், இவை எதுவும் எழுதப்படவில்லை. குரு சீடனுக்குச் சொன்னது, அவன் அடுத்தவனுக்குச் சொன்னது. காரைக்காலிலிருந்து சினிமா ஆசையோடு சென்னைக்குப் பஸ் ஏறுகிற ஒரு பிள்ளை, புத்தகம் படித்துவிட்டுப் போனாலும் முதல் வாரம் திருதிருவென்றுதான் நிற்கும். உதவி இயக்குநராகச் சேர்த்துக்கொள்ள ஒருவர் தயவு வேண்டும். அந்தத் தயவு கிடைத்த பிறகுதான் மொழி கிடைக்கும். தொழில் தெரிந்தவர் யார், வெளியாள் யார் என்று பிரிக்கும் வேலையை இந்தப் பேச்சு சத்தமில்லாமல் செய்கிறது.

பார்க்கிற ஊருக்கு வந்து சேர்ந்த சொற்களையும் சொல்ல வேண்டும். காவிரி டெல்டாவுக்குச் சினிமாவின் வரவிலேயே ஒரு பிரெஞ்சுக்காரரின் கை உண்டு. திருச்சியில் ரயில்வே வேலையிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்பவரிடம் ப்ரொஜெக்டரையும் ஊமைப் படங்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். அதன்பின் கொட்டகை வந்தது, ‘பெட்டி’ வந்தது. தகரப் பெட்டிகளில் ரீல்கள். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம் ஓடும். விநாடிக்கு 24 சட்டகம், நிமிடத்துக்கு 90 அடி. ரீல் முடிவதற்கு எட்டு விநாடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். ஆபரேட்டர் இரண்டாவது மெஷினை ஓடவிடுவார். முடிய ஒரு விநாடி இருக்கையில் மறுபடி ஒரு புள்ளி, மாற்றிவிடுவார். ஜனங்களுக்கு அந்தப் புள்ளி கண்ணில் பட்டதே இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது வேறு: ‘ரீல் விடாதே’, ‘பிலிம் காட்டறான்’, ‘சீன் போடறா’. நுட்பம் கழன்றுவிட்டது, கிண்டல் தங்கிவிட்டது. தமிழுக்குச் சினிமா தந்த வழக்குச் சொற்களில் பெரும்பாலும் பொய்யையும் பகட்டையும் குறிப்பவைதான் நிலைத்தன என்பதைத் தனியாக ஆராயலாம்.

பெட்டிக்கு அரசாங்க எல்லை ஒரு பொருட்டே அல்ல. ஆட்சியில் காரைக்கால் புதுச்சேரியோடு, வசூலில் ‘டி.டி.’, அதாவது திருச்சி-தஞ்சாவூர் ஏரியாவோடு. புதுச்சேரி நகரம் ஆற்காட்டுப் பக்கத்து ஏரியாவுக்குப் போய்விடும். ஏரியா, ஷேர் (வசூல் பங்கு), எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதம்), அவுட்ரைட் (முழு விற்பனை) என்ற விநியோகச் சொற்கள் மாவட்டப் பிரிவினைகள் எத்தனை வந்தாலும் பழைய வரைபடத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. வியாபாரத்துக்கு அது வசதி, அவ்வளவுதான்.

வசதி எப்போது வில்லங்கமாகிறது? பொருள் போய்ச் சொல் மட்டும் நின்று வட்டி வாங்கும்போது. ஃபியூஜி நிறுவனம் 2013இல் சினிமாப் படச்சுருள் தயாரிப்பை நிறுத்தியது. சென்னையின் லேப்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பிரிண்ட் போடுவது என்ற வேலையே இல்லாமல் போயிற்று. ஆனால் ‘விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ’ என்று ஒரு கட்டணம் வந்தது. டிஜிட்டல் ப்ரொஜெக்டர் பொருத்திய நிறுவனங்கள், பழைய பிரிண்ட் செலவு மிச்சமாகிறதல்லவா என்ற கணக்கில் தயாரிப்பாளரிடம் வாங்கும் தொகை. இல்லாத பிரிண்ட்டுக்கு ஏன் கட்ட வேண்டும், மெஷின் விலைதான் எப்போதோ வசூலாகிவிட்டதே என்று தமிழ்த் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச் 1 முதல் புதுப் படங்களை வெளியிடாமல் நிறுத்தினார்கள். ஏப்ரல்வரை நீண்டது. காரைக்காலுக்கும் புதுத் தமிழ்ப் படம் வரவில்லை. டிக்கெட் வாங்குகிறவருக்கு ‘வி.பி.எஃப். தகராறாம்’ என்ற ஒரு வரிச் செய்திதான் கிடைத்தது. பிரிண்ட் என்ற சொல்லே அந்தக் கட்டணத்துக்கு ஒரு நியாயத்தை இரவல் கொடுத்துக்கொண்டிருந்தது. ‘திரையிடல் வாடகை’ என்று முதல் நாளே நேராகப் பெயர் வைத்திருந்தால், வாடகை எத்தனை வருஷத்துக்கு என்று முதல் நாளே கேட்டிருப்பார்கள்.

‘பர்ஸ்ட் காப்பி’ இதைவிட மோசம். ஒரு தொகையைப் பேசி, முடித்த படத்தைக் கையில் தருவதாக ஒப்புக்கொள்வதை ‘பர்ஸ்ட் காப்பி அடிப்படை’ என்கிறார்கள். சுருள் காலத்தில் இதற்கு ஐயமற்ற பொருள் இருந்தது: படமும் ஒலியும் சேர்த்து லேப்பிலிருந்து வெளிவரும் முதல் பிரதி. கையால் தொடலாம், மெஷினில் ஓட்டிப் பார்க்கலாம், வேலை முடிந்ததா இல்லையா என்று யாரும் சண்டை போட முடியாது. இன்று ஒரு ஹார்ட் டிஸ்க்கை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நிறச் சீரமைப்பு முடிந்ததுதான் முதல் பிரதியா, ஒலிக் கலவையும் சேர்த்தா, தணிக்கைச் சான்றிதழும் உள்ளடக்கமா? சொல்லின் உறுதி சுருளில் இருந்தது. சுருள் போன பிறகும் அதே உறுதியை நம்பிக் கையெழுத்துப் போடுவது அசட்டுத் துணிச்சல்.

இன்னொரு குறை பணத்தைச் சேர்ந்ததல்ல, மரியாதையைச் சேர்ந்தது. கேமராமேன், மேக்கப்மேன், லைட்மேன், புரொடக்‌ஷன் பாய். ஐம்பது வயதுக்காரரும் தட்டில் டீ கொண்டுவந்தால் ‘பாய்’. பெண்ணுக்கு அந்த வரிசையில் ஹேர்டிரஸ்ஸர் என்ற இடம்தான். இது வெறும் பேச்சோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். மும்பையில் ஒப்பனைக் கலைஞர்கள் சங்கம் பெண்களை ஒப்பனையாளராகச் சேர்க்க மறுத்தது. தலை அலங்காரம் மட்டும் செய்துகொள் என்றது. ஒப்பனைக் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. ‘மேக்கப்மேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சங்க விதியே ஒளிந்திருந்தது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

இந்த இடத்தில் டைட்டில் கார்டுத் தமிழுக்கு ஒரு நன்றி சொல்லலாம். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒப்பனை, திரைக்கதை, தந்திரக் காட்சி. இவையெல்லாம் மேடைத் தமிழ், செட்டில் யாரும் சொல்வதில்லை என்று கேலி பேசுவார்கள். உண்மைதான், ‘ஒளிப்பதிவு பண்ணு’ என்று யாரும் கூவுவதில்லை. ஆனால் 1985இல் ‘சின்ன வீடு’ படத்தில் பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவாளரானபோது ‘ஒளிப்பதிவு’ என்ற சொல்லில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ‘கேமராமேன்’தான் பல்லிளித்தது. தமிழாக்கம் வெற்றி பெற்றது ஏவலில் அல்ல, பெயரில். பேசும்போது தோற்ற சொற்கள் எழுத்தில் நின்றன: சட்டகம், கோணம். எழுத்திலும் தோற்றவை உண்டு, குளோசப்பை ‘அண்மைக் காட்சி’ என்று எழுதிப் பார்த்தவர்கள் பலர், படித்துவிட்டு மனத்துக்குள் குளோசப் என்று மாற்றிக்கொள்ளாதவர்கள் குறைவு.

அரசு தலையிட்டதோ இதில் எதிலுமே இல்லை. 2006இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்றது தமிழ்நாடு அரசு. ‘சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்’ என்ற படம் வெறும் ‘உனக்கும் எனக்கும்’ ஆயிற்று. அந்த ஆணை காரைக்காலில் செல்லுபடியாகவில்லை. ஆனாலும் படம் அதே மாற்றிய பெயரோடுதான் இங்கும் ஓடியாக வேண்டியிருந்தது. போஸ்டரில் தமிழ் வந்தது. ஒப்பந்தத்தில் வரவில்லை, கூலிப் பட்டியலில் வரவில்லை. வேண்டிய இடம் அதுதான்.

இந்த ஊரில் இன்றைக்குக் கேமரா பிடிப்பவர்கள் கல்யாண வீடியோக்காரர்கள். அவர்கள் பேச்சில் கோடம்பாக்கத்தின் மிச்சமும் யூடியூபின் வரவும் கலந்திருக்கின்றன. படத்தொகுப்புக்கு ‘மிக்ஸிங்’, மேலே ‘கேண்டிட்’, ‘டீசர்’, ‘ட்ரோன்’. பில்லில் மிக்ஸிங்குக்கு ஒரு தொகை, ட்ரோனுக்கு ஒரு தொகை, ஆல்பத்துக்கு ஒரு தொகை. மண்டபத்தில் விடியற்காலை முகூர்த்தம் தொடங்கி ரிசப்ஷன்வரை விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனுக்கு மட்டும் வரி இல்லை. கோடம்பாக்கத்தில் அதே வேலைக்கு லைட்மேன் என்று பெயர் உண்டு. பெயர் இருப்பதால் சங்கம் உண்டு. சங்கம் இருப்பதால் பெப்சி (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) பேசி முடிக்கும் சம்பள ஒப்பந்தத்தில் அவருக்கென்று ஒரு விகிதம் உண்டு. அந்த ‘மேன்’ எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், பெயரே இல்லாமல் நிற்பதற்கு அது மேல். விளக்காளர், லைட் அசிஸ்டன்ட், எதையாவது எழுதட்டும். மிக்ஸிங் வரிக்குக் கீழே அதற்கென ஒரு வரி, எதிரே ஒரு தொகை.