ஆல்டிஹைடை இனங்காணல்: தமிழ் வேதியியல் உரைநடை குறித்து ஒரு திறனாய்வு

சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் ‘கெமிஸ்தம்’ 1875 இல் வெளிவந்தது. அன்று தொட்டுத் தமிழ் வேதியியல் நூல்கள் மீதான திறனாய்வு பெரும்பாலும் கலைச்சொல்லோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் ஆல்டிஹைடு, கீட்டோன், ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம். இலங்கையில் அல்டிகைட்டு, கீற்றோன், ஒட்சியேற்றம், தாழ்த்தல். இவற்றுள் எது ஏற்றது என்னும் வழக்கைப் பலகாலும் கேட்டுவிட்டோம். பிழை பெரிதும் தொடர்களின் வழியே புகுகிறது என்பதை ஆல்டிஹைடுகளை இனங்காணும் பகுதியைக் கொண்டு காட்டலாம்.

‘ஃபெலிங் கரைசலை ஆல்டிஹைடுகள் ஒடுக்கும், கீட்டோன்கள் ஒடுக்கா.’ மாணவர் நூற்பாபோல் ஒப்புவிக்கும் கூற்று இது. ஓசை உண்டு, உண்மை பாதியே. பென்சால்டிஹைடு டாலன்ஸ் வினைபொருளில் வெள்ளி ஆடியைத் தரும். ஃபெலிங் கரைசலில் சிவப்பு வீழ்படிவைத் தருவதில்லை. ஃபிரக்டோஸ் கீட்டோன் வகைச் சர்க்கரை. ஆயினும் காரக் கரைசலில் ஈன்டையால் வழியாக மாற்றமுற்று இரு சோதனைகளுக்கும் விடையளிக்கிறது. ஃபார்மிக் அமிலம் பெயரால் அமிலம். கார்பனைல் கார்பனில் ஹைட்ரஜன் உள்ளமையால் அதுவும் டாலன்ஸ் வினைபொருளை ஒடுக்கும்.

இவற்றை ‘விதிவிலக்கு’ என ஒரு வரியில் ஒதுக்கும் நூல்கள் உள. இலக்கணத்தில் புறனடை வகுத்து அமையலாம். வேதியியலில் காரணம் கூறியாக வேண்டும். சோதனைக்குழாயில் நாம் காண்பது வெள்ளி அயனி உலோகமாகும் நிகழ்ச்சியை மட்டுமே. ஆல்டிஹைடு தொகுதி இருப்பது நம் அனுமானம். புகைகண்டு நெருப்பைத் துணியும் அளவை முறையை மணிமேகலையில் கற்ற மரபினர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. முதலில் 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் கொண்டு ஆல்டிஹைடு அல்லது கீட்டோன் எனத் துணிந்து, பின்னர் வெள்ளி ஆடிச் சோதனைக்குச் செல்லும் வரிசையில் ஃபார்மிக் அமிலம் முதற்படியிலேயே விலகிவிடும். வரிசைக்குரிய இக்காரணத்தையே பாடநூல் எழுத வேண்டும்.

சொல் பற்றியும் ஒன்று கூறலாம். வெள்ளியின் ஆக்சிஜனேற்ற எண் +1 இலிருந்து சுழியத்திற்கு இறங்குகிறது. ‘தாழ்த்தல்’ என்னும் இலங்கை வழக்கு அவ்விறக்கத்தைச் சொல்லிலேயே காட்டுகிறது. ‘ஒடுக்கம்’ காட்டவில்லை. ‘ஆல்டிஹைடு’ எனும் சொல்லோ, ‘ஹைட்ரஜன் நீக்கிய ஆல்கஹால்’ என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரைச் சுருக்கி 1835 இல் லீபிக் அமைத்தது. ஒலிபெயர்ப்பில் அப்பொருள் மறைந்தது. ஒரு வரி விளக்கம் அதை மீட்டுவிடும்.

இவற்றினும் கவலைக்குரியது, ‘அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் கரைசல் எடுத்துக்கொள்ளப்படுகிறது’ போன்ற நடை. எடுப்பவர் யார்? கரைசல் எப்போது ஆக்கப்பட்டது? நாட்பட்ட கரைசலில் வெடிக்கும் இயல்புடைய வெள்ளி நைட்ரைடு படியக்கூடும். மாணவரின் கண்ணும் கையும் ஊறுபடும் இடம் இது. ‘அவ்வப்போதே ஆக்குக, சோதனை முடிந்ததும் நீர்த்த அமிலமிட்டு அகற்றுக, சேமியாதிருக்க’ என்று எழுத நமக்குத் தடை யாது? செய்முறையை ஏவலும் வியங்கோளுமாக உரைப்பது சித்த மருத்துவ நூல்களின் நெடுநாள் வழக்கம். அதைக் கைவிட்டு ஆங்கில ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் செயப்பாட்டுவினையைப் பாடநூலார் மேற்கொண்டதற்குத் தமிழில் எத்தேவையும் இருந்ததாகத் தோன்றவில்லை.