பைராவுக்கு ஒரு அத்தியாயம்

கென்னத் ஆண்டர்சனைப் பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூட வயதில் படித்துவிடுகிறார்கள். நான் இருபத்தாறு வயதில், அஞ்செட்டியில், மின்சாரம் போன இரவுகளில் கைபேசி வெளிச்சத்தில் படித்தேன். யானை - மனித மோதல் பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒரு வருட வேலை கிடைத்திருந்தது. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். ஓசூரில் இறங்கி, தேன்கனிக்கோட்டைக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து காட்டுக்குள் வளைந்து இறங்கும் இன்னொரு பேருந்து. வாடகைக்கு வீடு தந்த அம்மா என் பையைப் பார்த்து முதலில் கேட்டது, “ஒண்டியாவா வந்த கண்ணு?”

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. தனியாகக் கிளம்பி வந்து ஆராய்ச்சி செய்பவள் என்ற படம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் படத்துக்குத் தோதாகத்தான் ஆண்டர்சனை இறக்கி வைத்துக்கொண்டேன். பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை, விடுமுறை கிடைத்தால் துப்பாக்கியுடன் காடு. 1954இல் வந்த முதல் புத்தகத்தின் முதல் கதையே ஜவளகிரிப் புலியைப் பற்றியது. அடுத்த கதையின் சிறுத்தை கும்மளாபுரத்தில் திரிகிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், சின்னாறு என்று அவர் பக்கங்களில் வரும் பெயர்கள் நான் தினமும் பேருந்துப் பலகையில் பார்ப்பவை. தான் வாழும் ஊரை அச்சில் பார்க்கும் சந்தோஷம் சாதாரணமானதல்ல. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது தி.ஜானகிராமனிடம் எப்போதோ கிடைத்துவிட்டது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரரிடம், அதுவும் ஆங்கிலத்தில் கிடைத்திருக்கிறது.

ஆண்டர்சன் நல்ல எழுத்தாளரா? பாதி நேரம் இல்லை என்றுதான் சொல்வேன். நிலா வெளிச்சத்தைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வர்ணிக்கிறார். ஆனால் நிலத்தைச் சொல்லும்போது அவரை அடித்துக்கொள்ள முடியாது. ஓடை எங்கே திரும்புகிறது, பாதை எந்த மேட்டில் பிரிகிறது, குக்கிராமத்துக்கு எந்தத் திசையில் காடு நெருங்குகிறது என்றெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் மிருகத்தை உள்ளே விடுவார். சிவனிபள்ளிக் கருஞ்சிறுத்தைக் கதையில் இதைப் பார்க்கலாம். ஜவளகிரிக் கதையின் முடிவில், ஆண்புலியின் குரலைத் தானே எழுப்பிப் பெண்புலியை வரவழைத்துச் சுடுகிறார். ஜெயித்த கதைதான், ஆனால் அதில் அவருக்கே ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தச் சங்கடத்தால்தான் அவரை இன்னும் படிக்க முடிகிறது.

பரணில் இரவெல்லாம் தனியாக உட்கார்ந்திருப்பது அவர் கதைகளின் உச்சக் காட்சி. எனக்கும் பரண் அனுபவம் உண்டு. ராகி கதிர் பிடித்து அறுப்புக்கு நிற்கும் மாதங்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இந்த வட்டாரத்துக்கு இறங்கும். விவசாயிகள் கொல்லையில் பரண் கட்டி, பட்டாசும் டார்ச்சுமாகக் காவல் இருப்பார்கள். நானும் குறிப்பேட்டுடன் ஏறி உட்காருவேன். ஆனால் தனியாக அல்ல. பக்கத்தில் அண்ணா இருப்பார். திட்டத்தின் கணக்கில் அவர் ‘கள உதவியாளர்’, தினக்கூலி. வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ். “மேடம், பேசாதீங்க, வாசனை வருது” என்பார். எனக்கு எந்த வாசனையும் வராது. பத்து நிமிஷத்தில் கிளை முறியும் சத்தம் கேட்கும். நான் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். அந்தக் குறிப்பு ‘தரவு’ ஆகிவிடும், அவருடைய மூக்கு எங்கேயும் பதிவாகாது.

அப்படியொரு இரவுக்குப் பிறகுதான் அந்த முதல் புத்தகத்தில் ‘பூசாரி பைரா’ அத்தியாயத்தைப் படித்தேன். முன்பு தாண்டிப் போயிருந்தேன். புலி, சிறுத்தை என்று தலைப்பு இல்லாததால் சுவாரஸ்யமாக இருக்காது என்று நினைத்திருக்கலாம். பைரா காட்டுக்குடியைச் சேர்ந்தவர். ஆண்டர்சனுக்குக் காட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். பிந்தைய புத்தகங்களிலும் ரங்காவோடு சேர்ந்து வருகிறார். ஆண்டர்சனுக்கு அவர்மேல் பாசம் இருக்கிறது, எஜமானத் தோரணையும் இருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். காலனிய வேட்டை இலக்கியம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஒதுக்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. ஆனாலும் மனிதனைத் தின்னும் விலங்குகளுக்கென்று போட்ட புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தையே வழிகாட்டியின் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் மனுஷன். என்னுடைய அறிக்கை வரைவைத் திறந்து பார்த்தேன். “உள்ளூர் கள உதவியாளர்களின் துணையுடன் தரவுகள் சேகரிக்கப்பட்டன.” இதில் சேகரித்தவர் யார் என்றே இல்லை. அறிவியல் நடையின் செயப்பாட்டு வினைக்கு இப்படி ஒரு வசதி உண்டு. அட்டையில் மட்டும் என் பெயர்.

ஆசிரியர் பட்டியலில் அண்ணா பெயரைச் சேர்க்கலாமா என்று மேலே கேட்டேன். ‘நன்றி’ பக்கத்தில் போடுங்கள், அதுதான் வழக்கம் என்று பதில் வந்தது. கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். ஆண்டர்சனை வைத்து என் துறையைத் திட்டுவதாகத் திட்டம். ஆனால் அண்ணாவிடம் சொன்னபோது விஷயம் வேறு பக்கம் திரும்பியது.

“பேரு போட்டா பாரஸ்ட்ல யாராச்சும் கேப்பாங்களா மேடம்?”

“என்ன கேப்பாங்க?”

“ராத்திரில எந்தத் தடத்துல எது போவுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்னு.”

எனக்கு உறைத்தது. பைரா திருட்டுத்தனமாக வேட்டையாடுபவர் என்பதை ஆண்டர்சன் மறைக்கவில்லை, ரசித்தே சொல்கிறார். அப்படிச் சொல்வதால் ஆண்டர்சனுக்கு ஒன்றும் ஆகாது. பைராவுக்கு? அந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. காவிரிக்கு அந்தப் பக்கம் சத்தியமங்கலம் மலைகளில், வீரப்பன் தேடுதல் காலத்தில் காடு தெரிந்தவன் என்பதே குற்றமாக இருந்தது. ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) முழுக்க அதுதான். காட்டை அறிந்த மக்கள் அந்த அறிவோடு எப்படி விசாரணைக் கொட்டடிக்கு இழுத்துப் போகப்பட்டார்கள் என்பதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். வழக்கறிஞராக, வெளியாளாக அந்த மக்களிடம் போனவர் பாலமுருகன். ஆனால் நாவலில் ‘நான் போனேன், நான் பார்த்தேன்’ என்ற குரல் கிடையாது. ஆண்டர்சனோடு சேர்த்து வாசித்தபோதுதான் அது எவ்வளவு பெரிய முடிவு என்று எனக்குத் தெரிந்தது. ஆண்டர்சன் ‘நான்’ என்பதை விடவே மாட்டார். இந்தக் கட்டுரையிலும் அது எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பெயர் போடாதது திருட்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் யாரைக் கேட்டுப் பெயர் போடுகிறோம் என்பது ஆண்டர்சனுக்கும் தோன்றவில்லை, ஒரு வாரம் முன்பு வரை எனக்கும் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பைரா அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அண்ணா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், “அந்த ஆளுக்கு இதப் படிச்சுக் காட்டுனாங்களா?” என்றார். தெரியவில்லை என்றேன்.

கிளம்பும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுச் சொன்னார்: “வேணும்னா எங்கப்பா பேரப் போடுங்க மேடம். அவருதான் சொல்லிக் குடுத்தாரு. போய்ச் சேந்துட்டாரு, அவர யாரும் கேக்க மாட்டாங்க.”