‘ஆள்’ என்னும் சொல்

தெய்வம் ஒன்றா, மூன்றா என்னும் வழக்கு நம் மொழிக்குப் புறம்பானதென எண்ணுவோர் உளர். ஆயின், அவ்வழக்குத் தமிழுக்குள் புகுந்தபோது தனக்கெனச் சில சொற்களைத் தேடிக்கொண்டது. அவற்றுள் ‘ஆள்’ என்பதை ஆராய்ந்தால் சமய வரலாற்றோடு சமுதாய வரலாறும் புலப்படும்.

யூதர் காலையும் மாலையும் ஓதும் ‘ஷெமா’ உபாகமத்தின் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. ஆண்டவர் ஒருவரே என்பது அதன் உயிர்ப்பொருள். 12ஆம் நூற்றாண்டினரான மைமோனிடிஸ் அதற்குத் தத்துவ வரம்பு கட்டினார். அந்த ஒருமை, உறுப்புக்கள் கூடிய உடலின் ஒருமையன்று. பலரைத் தொகுத்த கூட்டத்தின் ஒருமையுமன்று. பகுக்கவொண்ணாத ஒருமை என்பது அவர் துணிபு. கிறித்தவரும் அதே வேதப் பகுதியை ஏற்பவரே. ஆயினும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே இறைப்பொருள் என்பது அவர்தம் கொள்கை. 325இல் நைசியாவிலும் 381இல் கொன்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய சங்கங்கள் அதனை உறுதிசெய்தன. பொருள் ஒன்று, ஆட்கள் மூவர்.

இங்கேதான் சொற்சிக்கல் எழுகின்றது. இலத்தீன் மொழியின் ‘பெர்சோனா’ முதலில் நாடக முகமூடியைக் குறித்த சொல். அதனை ‘வேடம்’ எனப் பெயர்த்திருந்தால், ஒரே கூத்தன் மூன்று வேடம் புனைவது போலாகும். மூன்றாம் நூற்றாண்டில் சபேலியு என்பார் ஏறத்தாழ அவ்வாறே போதித்தார். திருச்சபை அதனைத் தள்ளிற்று. ‘ஆள்’ என்றாலோ மூன்று தெய்வங்களோ என்னும் ஐயம் பிறக்கின்றது. கத்தோலிக்க ஞானோபதேசம் இந்த இரண்டாம் இடரையே ஏற்று ‘ஆள்’ என்றது. இதனை மொழிபெயர்ப்பின் குறையெனக் கொள்ளல் தகாது. கொள்கையின் நெருக்கடியே சொல்லில் வெளிப்படுகின்றது.

இத்தகைய நெருக்கடிகளை நன்கறிந்தவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்தில் உடனுழைத்தவர் அவர். 1854இல் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகார’த்தில் எதிராளியின் நூலையே கருவியாக்கினார். விளக்கும் தூபமும் பலியும் யூதரின் ஆலயத்திற்கு ஆகுமெனின் சைவருக்கு மட்டும் ஆகாதது எவ்வாறு என்பது அவர் வாதத்தின் சாரம். தருக்க முறையில் இது சிறந்த உரைநடை. ஆயின் அத்துணைக் கூர்மையும் சாதி வரம்பின் வாயிலில் நின்றுவிட்டது. மறுகரையிலும் நிலைமை வேறன்று. கிறித்துவின் புகழைத் தமிழிசையில் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், 1820களின் பிற்பகுதியில், திருவிருந்தில் சாதி வேற்றுமையை ஒழிக்க முயன்ற பாதிரிமாரை எதிர்த்தார். தெய்வத்தைப் பற்றி மாறுபட்ட இவ்விருவரும் மனிதரைப் பிரிப்பதில் ஒன்றுபட்டனர்.

நாவலரின் நூல் வெளிவந்த அதே 1854இல், மலைநாட்டுத் தோட்டங்களை நோக்கிப் பிறந்த மதப்பணி அமைப்பின் பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. ஆன்மாவை மீட்க வந்த அமைப்பும் மனிதனைக் கூலியென்றே அழைத்தது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ‘ஆள்’ என்றால் பெரட்டுக் களத்தில் எண்ணப்படும் தலை. இறப்பர்ப் பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் இத்தனை ஆள் என்பதே கணக்கு. இறைவனைக் குறித்தபோது பிறரோடு மயங்காத தனித்தன்மையைச் சுட்டிய அதே சொல், இங்கே பெயரற்ற எண்ணிக்கையாய்ச் சுருங்கிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. ஐம்பத்தைந்தாண்டுக் காலம் உழைப்புக்கு ஆளாயிருந்தோர் சட்டத்தின்முன் ஆளாகவில்லை.

யூதரின் மிஷ்னா, ஆதியில் ஒரே மனிதன் படைக்கப்பட்டதற்குக் காரணம் கூறுகின்றது. தன் முன்னோன் உயர்ந்தவன் என ஒருவன் மற்றவனிடம் தருக்காதிருத்தல் ஒன்று. வானில் பல வல்லமைகள் உண்டென வாதிடுவோர்க்கு இடமின்மை மற்றொன்று. தெய்வ ஒருமையும் மனித சமத்துவமும் அங்கே ஒரே சான்றில் நிற்கின்றன. திருமூலரும் இவ்விரண்டையும் பிரித்துப் பேசவில்லை. அந்த ஆதி மனிதனின் சுவடென இசுலாமியரும், சிவனது பாதமென இந்துக்களும், புத்தரது பாதமெனப் பௌத்தரும் போற்றும் மலை சபரகமுவவின் எல்லையிலேயே நிற்கின்றது.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர்களே! நாவலரின் உரைநடையைப் பயிலுங்கால் அதன் தருக்கத்தை வியப்பதோடு நின்றுவிடலாகாது. தெய்வம் ஒன்றென்றோ மூவொன்றென்றோ நிறுவும் ஒவ்வொரு நூலிடமும், பெரட்டில் நின்றவர்களை அது எவ்வாறு எண்ணிற்று என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவைத் தவிர்க்கும் திறனாய்வு அரைத் திறனாய்வே.