நாகமும் வணிகனும்

நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்குப் பூக்கொண்டு கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்ததென்றும், அவ்வழி வந்த வணிகனொருவன் பகைதீர்த்து அம்மனுக்குக் கோயிலெடுத்தானென்றும் ஐதிகம் கூறும். தலவரலாறு எழுதுவோர் பலர் நாகத்தைப் பாடிப் பரவசமுறுகின்றனர். வணிகனை நாலு வரியில் முடித்துவிடுகின்றனர். நாமோ அவனையே பின்தொடர விரும்புகின்றோம்.

அவ்வாலயத்திலேயே 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனமொன்று உண்டு. முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளைக் காக்கும்படி பணிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிய கலம் உடைந்தால் அரச பண்டாரத்துக்குக் காற்பங்கு; வேறு சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி! படைக்கு உதவும் விலங்குகளிடத்தேதான் மன்னனுக்குத் தாராளம். கலத்தோடு அலைக்குள் போன மாலுமியைப் பற்றியோ, ஐதிகத்திலும் பேச்சில்லை. இன்று வாசிக்கக் கிடைக்கும் சாசன வரிகளிலும் பேச்சில்லை.