வெள்ளீயமும் மிளகு ரசமும்

ஏலக்காயைச் சல்லடையில் ஓட்டி எட்டு மில்லி, ஏழு மில்லி என்று தரம் பிரிப்பதைப் பார்த்தே வளர்ந்த போடிக்காரர்களுக்கு, சத்தீஸ்கரின் தந்தேவாடா பக்கம் நடக்கும் வேலை சட்டென்று பிடிபடும். இந்தியாவில் வெள்ளீயத் தாது எடுக்கப்படுவது அந்த மாநிலத்தில்தான். அங்குள்ள பழங்குடியினர் ஓடை மணலை அள்ளி நீரில் அலசுகிறார்கள். நாம் பருமன் பார்த்துப் பிரிக்கிறோம். அங்கே கனம் பிரித்துக் கொடுக்கிறது. வெறும் மணல் தண்ணீரோடு போய்விட, அடியில் கறுப்பாகத் தங்குவது காசிட்டரைட். தண்ணீரைவிட ஏழு மடங்கு கனம்.

இந்தக் கறுப்பு மணலைக் கொல்லையிலேயே உருக்கிப் பார்க்கும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கரித்தூள் கலந்து மூசையில் இட்டு, திறந்தவெளியில் துருத்தி ஊதி, ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏற்றுவார்கள். தாதுவிலுள்ள ஆக்சிஜனைக் கரி பறித்துக்கொள்ள, வெள்ளி நிறத்தில் முத்து முத்தாக உலோகம் திரளும். சுத்தமான தாது என்றால் நூறு கிராமில் 78 கிராம் வெள்ளீயம். பிரிப்பதற்குத்தான் அத்தனை சூடு. பிரிந்தபின் 232 டிகிரியிலேயே உருகி ஓடும். கம்பியாக வார்த்துக் காதோரம் வளைத்தால் நறநறவென்று ஒலிக்கும். உள்ளே படிகங்கள் புரளும் சத்தம் அது. ஓர் உலோகம் இப்படித் தன் குரலைக் கேட்கத் தருகிறதே!

நம் வீடுகளில் இதன் உச்சம் கும்பகோணத்து ஈயச் சொம்பு. உருக்கி, தகடாக்கி, தட்டித் தட்டி வளைத்த அந்த மேனியில் சுத்தியல் தழும்பு லேசாகத் தெரியவேண்டும்; எனக்கு அதுதான் அழகு. சும்மா அடுப்பில் வைத்தால் உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே தீ, அதுவும் சிறுதீ. ரசம் நூறு டிகிரியைத் தாண்டாது என்பதால் சொம்பு தப்பிக்கிறது. ஆகவேதான் சுவாலை பக்கவாட்டில் ஏறக்கூடாது, தாளிப்பையும் தனிக்கரண்டியில் செய்து கொட்டவேண்டும். ஏலமலைச் சரிவில் விளைந்த மிளகைத் தட்டிப் போட்டு, நுரைகட்டி எழும்பும்போது இறக்குங்கள். எவர்சில்வர் பாத்திரத்து ரசம் அதன் பக்கத்தில் நிற்காது.

விலை குறைகிறதே என்று காரீயம் கலந்த சொம்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது நஞ்சு, புளிப்பில் இன்னும் எளிதாகக் கரையும். உலோகத்தைச் சோதித்துச் சான்று தரும் கடையில் கேட்டு வாங்குங்கள்.